பேரிக்காயின் மேல் ஒரு நாற்காலி

மரிபோரில் நவம்பர் வந்தால்
திராவா ஆற்றை மூடுபனி எங்கேயோ எடுத்துக்கொண்டு போய்விடும்.
நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
அப்படியொரு மாலையில் வாங்கினேன் இந்த நோட்டை,
சலவைத்தூளுக்குப் பக்கத்து அடுக்கில்.
கோடில்லாத தாள். மூன்று யூரோவுக்குச் சில்லறை மிச்சம்.

முதல் நாள், சொட்டுகிற சமையலறைக் குழாய்.
குழாயாக வரவில்லை, வாத்தாக வந்தது.
"வாத்துக்குச் சளி" என்றாள் யேர்ட்சா.
ஒன்பது வயது, இரக்கமே கிடையாது.
அதையே கீழே எழுதித் தேதி போட்டேன்.

நாளுக்கு ஒன்று,
கழுவிய தட்டு காய்வதற்குள்.
வோய்கோவின் பேருந்து ஓட்டுநர் சீருடை, கதவுக் கொக்கியில்,
உள்ளே ஆள் இருப்பதுபோல் தோள் சரிந்து.
தீலென் உதறிவிட்டுப் போன பனிச்சப்பாத்து இரண்டும்
ஒன்றையொன்று பார்க்காமல்.
உருளைக்கிழங்குத் தோல் அறுபடாமல்
ஒரே சுருளாக வந்த செவ்வாய்க்கிழமை.
அன்று அலுவலகத்தில் என்ன நடந்தது
என்று கேட்டால் தெரியாது,
தோலின் ஏழு வளைவும் தெரியும்.

ஆட்களை வரைய வராது எனக்கு.
அசைந்துவிடுகிறார்கள்.
தூங்கினால்தான் பிடிபடுவார்கள்.
சோபாவில் வாய் பிளந்து கிடந்த வோய்கோவை
ஒருமுறை பிடித்தேன்.
"அழித்துவிடு" என்று கெஞ்சினான்.
பேனாவில் போட்டிருந்தேன்.

ஜனவரியில் மாடி வீட்டுக் குளியலறை ஒழுகி
எங்கள் கூரையில் கறை இறங்கியது.
காப்பீட்டுக்காரர் வந்தார்.
டிசம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன்:
விளக்கு, விளக்கின் மேல் வெறும் கூரை, கறையே இல்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"அழகாக இருக்கிறது, அம்மணி.
புகைப்படம் ஏதும் உண்டா?"

பிப்ரவரியில் கிராட்ஸிலிருந்து கடிதம்.
லாரி வேலை. சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.
வாரத்துக்கு ஒரு ஞாயிறு வீடு.
போகிறேன் என்றான். போ என்றேன்.
அந்தப் "போ"வை நான் சொன்ன விதத்தில்
அவன் எழுந்தான், நாற்காலி பின்னுக்குச் சரிந்து
சுவரில் சாய்ந்து நின்றது.

அதைத்தான் அன்று வரைந்தேன்.
முன்கால் இரண்டும் தரையில் படாத நாற்காலி.
பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

மறுநாள் மேசையில் ஒரு பேரிக்காய்.
நிழல் விழும் பக்கத்தில்
பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க
பழத்தின் வயிற்றுக்குள்ளிருந்து
வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தது நாற்காலி.
முதுகுச் சட்டம், குறுக்குக் கட்டை,
தரை தொடாத கால்கள்.
நான் வரையவில்லை அதை.
நேற்றைய கை தாளைத் தாண்டி
இன்றைக்குள்ளும் கீறியிருந்தது.

அதற்கடுத்த நாள் கத்தரிக்கோல்.
அதன் மேலும் மங்கலாக.
அப்புறம் யேர்ட்சாவின் ஒற்றைக் கையுறை.
பெருவிரலில் ஒரு கால் மட்டும்.

நோட்டை நான் ஒளித்துவைப்பதில்லை.
ரொட்டிப் பெட்டிக்கு மேலேதான் கிடக்கும்.
ஒரு விடிகாலை முதல் ஷிப்டுக்குப் போகுமுன்
வோய்கோ அதைப் புரட்டிக்கொண்டிருந்தான்,
காபி ஆற விட்டு.
பேரிக்காயில் விரல் வைத்து
பள்ளம் பள்ளமாகத் தடவினான்.
"எத்தனை பக்கம் போயிருக்கிறது?"
"நாலு. அஞ்சாவதைப் பார்க்கவில்லை."
விளக்கடியில் தாளைச் சாய்த்துப் பார்த்தான்.
என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"வரை. அசையமாட்டேன்."
ஒரு நிமிடம் இருந்திருப்பான். மூக்கு அரித்தது.
அப்புறம் தீலென் உப்பு கேட்டான்.
அப்புறம் தொலைபேசி.
கிராட்ஸ் எண். எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை,
அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கிடைத்தது ஒரு காது,
சட்டைக் காலர்,
எப்படிப் போட்டாலும் நீண்டுகொண்டே போன மூக்கு.

யேர்ட்சா என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி
அடியில் எழுதினாள்:
அப்பாவுக்கும் சளி.

தேதி போட மறந்துவிட்டேன்.